குளிகையும் கூடுவிட்டுக் கூடுபாய்தலும்

விருதுநகர் மாவட்டத்துச் சதுரகிரியைச் சித்தர் வாழ் மலை என்பர். இடம்விட்டு இடம் பெயர்தற்குச் சித்தர் மரபு இரு நெறிகள் கூறும்: இரசக் குளிகையின் ஆற்றலால் உடலொடு விண்வழிச் செல்லுதல், உடலை நீத்து உயிர் மட்டும் பிறிதோர் உடலிற் புகுதல்.

1966இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சிக் கதையில், மாந்தரை அணுவணுவாய்ப் பிரித்து அனுப்பி மறுபுறத்தே ஒன்றுசேர்க்கும் பொறி வருகின்றது. சென்று சேர்ந்தவர் பழையவர்தாமா என அதன் சுவைஞர் இன்றும் வழக்காடுவர். அவ்வினாவை 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்திலேயே காண்கின்றோம். சாத்தனூர் இடையன் மூலன் இறக்க, அவனுடலிற் சிவயோகியார் புகுந்து திருமூலரானார். கணவன் உடல் எதிர்நின்றும் கணவன் அங்கிலன். மனைவி ஊரவரிடம் முறையிட்டாள்.

எனவே, நம் முன்னோர் பொறியை அறிந்தனர் எனல் மிகை. உடல் வந்தால் ஆள் வந்ததாகுமா என்னும் வினாவை அறிந்தனர் எனலே பொருந்தும் என்பது எம் துணிபு.