ஆஸ்பத்திரி வாசலில் பனி: அள்ளுவது யார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நிதானமாகப் படியுங்கள்.

நம் குழுவில் அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், இங்கே அரசு ஆஸ்பத்திரி வாசலில் பனி அள்ளுவதற்குக்கூட டெண்டர் விடுகிறார்கள். இதற்கெல்லாமா டெண்டர்?" பதில் எழுத உட்கார்ந்தால் அது அமெரிக்காவில் தொடங்கி நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது.

முதலில், அந்தப் பனி நம் மார்கழிப் பனி அல்ல. கொட்டிக் குவிகிற உறைபனி. பகலில் கொஞ்சம் உருகும். இரவில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். கட்டை ஊன்றி நடப்பவர், கர்ப்பிணி, டயாலிசிஸுக்கு வரும் முதியவர் ஆகியோர் அதில் கால் வைத்தால் என்ன ஆகும்? குற்றாலத்தில் பாசி பிடித்த பாறையில் வழுக்கி விழுந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உப்புத் தூவினால் பனி உருகும். குச்சி ஐஸ் செய்பவர்கள் பனிக்கட்டியில் உப்புப் போடுவதும் இதே அறிவியல்தான். ஆனால் குளிர் மைனஸ் 9 டிகிரிக்கும் கீழே போனால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. எனவே அள்ளுவதும் தூவுவதும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்காக அரசே 170-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை நடத்துகிறது. அந்தத் துறை 1930-இல் தொடங்கப்பட்டது. பனி விழும் ஊர்களில் உள்ள இந்த மருத்துவமனைகள் பல, பனி அள்ளும் வேலையை ஒப்பந்தத்துக்கு விடுகின்றன. ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருக்கும். எத்தனை அங்குலம் பனி சேர்ந்தால் ஆள் வர வேண்டும், எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும், அவசர சிகிச்சை வாசலும் ஆம்புலன்ஸ் பாதையும் சாய்தளமும் எந்த வரிசையில் சுத்தமாக வேண்டும் என்றெல்லாம்.

பணம் கொடுப்பதிலும் முறைகள் உண்டு. வந்து அள்ளும் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்பது ஒன்று. விழுந்த பனியின் அளவுக்கு ஏற்ப என்பது இன்னொன்று. பருவம் முழுமைக்கும் ஒரே தொகை என்பது மூன்றாவது. பருவத் தொகை பேசியபின் பனியே விழாவிட்டால் அரசுக்கு நட்டம். அளவுக்கு மீறி விழுந்தால் ஒப்பந்தக்காரருக்கு நட்டம். குற்றாலத்தில் சீசன் கடையை ஏலம் எடுத்தவர், அருவியில் தண்ணீர் விழுமா என்று மேற்கு மலையையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அதே கதைதான். ஒரு வித்தியாசம் உண்டு. ஏலம் அதிக விலை கேட்டவருக்குப் போகும். டெண்டர் குறைந்த விலை சொன்னவருக்குப் போகும். இந்த "குறைந்த விலை"யில்தான் வரலாறே இருக்கிறது.

விலை குறைந்தால் முதலில் குறைவது கூலி. இதைத் தடுக்க அமெரிக்காவில் 1965-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுக்குச் சேவை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தந்தப் பகுதியில் வழக்கமாக உள்ள கூலி கிடைக்க வேண்டும் என்றது அது. 2006-இல் இன்னொரு சட்டம். முன்னாள் படைவீரர்கள் நடத்தும் நிறுவனங்கள் குறைந்தது இரண்டாவது நியாயமான விலையில் போட்டியிடும் என்று எதிர்பார்க்க முடிந்தால், அந்த டெண்டரை அவர்களுக்கே ஒதுக்க வேண்டும் என்றது. "ஆண்டு இலக்கை எட்டிவிட்டோம், இனி கட்டாயமில்லை" என்று துறை வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2016 ஜூன் 16 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: சட்டத்தில் "வேண்டும்" என்று இருந்தால் வேண்டும்தான். இலக்கணம் எதற்கு என்று வகுப்பில் கேட்டவர்கள் இதைக் கவனிக்கவும்.

நம் நாட்டிலும் பனி உண்டு. காஷ்மீரில் சாலைப் பனியை அள்ள அரசின் இயந்திரப் பொறியியல் துறை இருக்கிறது. மருத்துவமனைச் சாலைகளுக்கு முன்னுரிமை. அப்படியும் 2021 ஜனவரியில் குப்வாரா மாவட்டத்தில் வண்டி போக வழியில்லாமல், ஒரு கர்ப்பிணியை ராணுவ வீரர்கள் தோளில் சுமந்து பனியில் நடந்தார்கள். வழி அடைபட்டால் உள்ளே எத்தனை நல்ல மருத்துவர் இருந்தும் பயனில்லை.

நமக்குப் பனி இல்லை. ஆனால் நம் ஆஸ்பத்திரி வாசலிலும் வார்டிலும் தினமும் ரத்தம், சளி, மழைச்சேறு, குப்பை எல்லாம் சேர்கின்றன. அதைத் துடைப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உறைபனி சில மாத வேலை. அதற்காக ஆண்டு முழுவதும் வண்டியும் ஆளும் வைத்திருக்க முடியாது, ஒப்பந்தம் நியாயம். ஆஸ்பத்திரியைத் துடைப்பது 365 நாள் வேலை. அதற்கும் ஒப்பந்தம் சரியா?

இந்தக் கேள்வியை நம் சட்டமே கேட்டது. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஆண்டு முழுக்க நடக்கும் வேலையா, நிரந்தர ஊழியர் வழக்கமாகச் செய்யும் வேலையா என்றெல்லாம் பார்த்து, ஒப்பந்த முறையைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு, தன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், துடைத்தல், காவல் ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்த ஆட்களை வைக்கத் தடை போட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், தடை வந்தால் அந்தத் தொழிலாளர்களை நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. 2001 ஆகஸ்ட் 30 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. தானாக வேலை நிரந்தரம் ஆகாது என்றதோடு 1976-இன் தடையும் ரத்தானது.

இப்போது 1970 சட்டத்தின் இடத்தில் 2020-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நிறுவனத்தின் மூல வேலைக்கு ஒப்பந்த ஆள் கூடாது என்பது அதன் பொது விதி. ஆனால் பெருக்குவதும் துடைப்பதும் கழிவை அகற்றுவதும் மூல வேலைக் கணக்கில் வராது, அந்த நிறுவனமே அதற்காக அமைந்திருந்தால் ஒழிய.

ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு மூல வேலை இல்லையா? 1855 பிப்ரவரியில் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 42 பேர் இறந்தார்கள். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பணிபுரிந்த இடம் அது. மார்ச்சில் ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்தது, குப்பையை அள்ளியது, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூனில் இறப்பு 100-க்கு ஏறத்தாழ 2 ஆனது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. துடைப்பம்தான் மருந்து.

நம் தமிழ்நாடு டெண்டரில் பின்தங்கிய மாநிலம் அல்ல. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை 1998-இலேயே இயற்றியவர்கள் நாம்.

ஆனால் மாத்திரையைச் சோதிக்கலாம். காலையில் துடைத்த தரையை மாலையில் எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது? நன்றாகச் செய்த துப்புரவுக்கு அடையாளமே கிடையாது. யாரும் வழுக்கி விழவில்லை, யாருக்கும் புதிதாகத் தொற்று வரவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த வேலையில் குறைந்த விலை மட்டும் தரத்தைக் காட்டாது. எத்தனை பேர், எத்தனை மணிக்கொரு முறை, என்ன கூலி, கையுறையும் காலணியும் யார் தருவது, கூலி தவறினால் யார் பொறுப்பு என்பதெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். காகிதத்தில் இருப்பது நடக்கவும் வேண்டும்.

எனவே அந்த மாணவருக்கு என் பதில்: ஆமாம் தம்பி, இதற்கும் டெண்டர் வேண்டும். ஆனால் அது பனிக்கு. தினசரித் துடைப்பத்துக்கு வேண்டியது நிரந்தரக் கைகள்.

உங்களில் சிலர் அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். டெண்டர் கோப்பு மேசைக்கு வந்தால் கடைசிப் பக்கத்தில் உள்ள விலையை மட்டும் பார்க்காதீர்கள், கூலிப் பக்கத்தையும் புரட்டுங்கள். மற்றவர்கள் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வாசலில் துடைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் "சம்பளம் மாசா மாசம் சரியா வருதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், தென்காசி