துன்ப நோக்கும் இன்பத் தேடலும்: தொண்டை மண்டல மரபு

வாழ்க்கை துன்பமயமானது என்ற கருத்தும், அதைக் கடந்த இன்பம் எது என்ற தேடலும் தொண்டை மண்டலத்தில் சமணம், பௌத்தம், வைணவம் வழியாக வளர்ந்தன. காஞ்சிபுரம் இவற்றுக்கு நடுநாயகம். இன்று சிப்காட் தொழிற்பேட்டைகள் நிறைந்திருக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம், இவ்வரலாற்றின் மிகப் பெரிய திருப்பத்தை உண்டாக்கிய இராமானுசரின் பிறந்த மண்.

கிரேக்கர்களும் இதே கேள்வியோடு போராடினார்கள். சைரீன் நகரத்து ஹெகெசியாஸ், மகிழ்ச்சியான வாழ்வு எவருக்கும் கிட்டாது, துன்பத்தைத் தவிர்க்க முயல்வதே அறிவுடைமை என்றார். எபிகூரஸ் (கி.மு. 341–270) அந்த அளவுக்கு நம்பிக்கை இழக்கவில்லை. ஆயினும் வலியெல்லாம் நீங்கிய நிலையே இன்பத்தின் எல்லை என்று அவரும் நிறுத்திக்கொண்டார்.

தமிழில் நிலையாமைக்குத் தொல்காப்பியம் காஞ்சித் திணையில் இடம் தந்தது. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை மூன்றும் நில்லா என்றே அறத்துப்பாலைத் தொடங்குகிறது. மணிமேகலைக் காப்பியம் முடிவது காஞ்சி நகரில்தான். அங்கே காப்பியத் தலைவி மணிமேகலை, பௌத்தத் துறவியான அறவண அடிகளிடம் பன்னிரு நிதானங்களை (பிறவித் துன்பத்தின் காரணத் தொடரை) கேட்டுப் பிறப்பறுக்க நோற்கிறாள். அதற்கு முன்பே, மழை பொய்த்து வாடிய அந்நகரில் அள்ளக் குறையாத அமுதசுரபி ஏந்திப் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டுவிடுகிறாள். துன்ப நோக்கு மனிதரைச் செயலற்றவராக்கும் என்போர் அவசியம் படிக்க வேண்டிய பகுதி அது.

இத்தேடல் வைணவத்திலும் தொடர்ந்தது. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் வழியில் உள்ள திருமழிசையில் பிறந்த ஆழ்வார், பல சமயங்களையும் ஆராய்ந்த பின்னரே வைணவத்துக்கு வந்தார் என்பது குருபரம்பரை வரலாறு.

மரபுப்படி 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தப் பாடம் கேட்டு, அதன் பொருள் விளக்கத்தில் மாறுபட்டுப் பிரிந்தார். உலகம் பொய்யன்று, அது இறைவனின் உடல் என்பது அவர் கொள்கை. எனவே அதை வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை. துன்பம் ஒழிவதோடு வீடுபேறு முடிந்துவிடுவதில்லை. இறைவனை அனுபவித்து, அந்த அனுபவத்தின் மகிழ்ச்சியில் கைங்கரியம் (அடிமைச் சேவை) செய்வதே நிறைவான இன்பம். எபிகூரஸ் நின்ற எல்லையை இராமானுசர் தாண்டுவது இங்கேதான்.

பிறருக்கு ஆட்பட்டிருப்பதே துன்பமாயிற்றே, அதில் இன்பம் ஏது என்ற தடையை தம் வேதார்த்த சங்கிரகம் என்னும் நூலின் இறுதிப் பகுதியில் அவரே எழுப்புகிறார். உடலையே தான் என்று எண்ணுகிறவனுக்குத்தான் தன்னுரிமை இன்பமாகவும் அடிமை துன்பமாகவும் தோன்றும்; ஆன்மாவின் இயல்பே இறைவனுக்கு உரியதாயிருத்தல்; சேவையை இழிவென்று நூல்கள் பழித்தது தகாதவர்க்குச் செய்யும் சேவையைத்தான் என்பது அவர் விடை. அந்த விடையை உலகியல் எசமானர்களுக்கு அடங்கிப்போவதற்கான உபதேசமாகக் கொள்வது பிழை. அவர் நூலிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது.