ஃபட்ஃபட்டி: ஹார்லியை ஷேர் ஆட்டோ ஆக்கிய டில்லி

டில்லியில் குப்பை கொட்டும் தமிழனுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு, தேங்காய், அப்பளம், கேரளத்து நேந்திரம் சிப்ஸ், மீன் என்று ஊரில் தெருமுனையில் கிடைப்பதெல்லாம் இங்கே ஒரே கூரைக்கடியில் கிடைக்கும். மெட்ரோவின் மஞ்சள் தடமும் பிங்க் தடமும் சந்திக்கும் இடம். எதிரில் 1994-ல் திறந்த டில்லி ஹாட்.

ஆனால் வாரா வாரம் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் அந்த மூன்று எழுத்தைப் பற்றி யோசித்திருப்போம்? ஐ.என்.ஏ. என்றால் இந்தியன் நேஷனல் ஆர்மி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த படை. ஜான்சி ராணி ரெஜிமெண்டுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி, 1914-ல் மெட்ராஸில் பிறந்தவர். 1945 நவம்பர் 5 அன்று செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூவர் மீதும் வழக்கு தொடங்கியபோது நாடே கொந்தளித்தது. ஆக, நாம் கறிவேப்பிலை வாங்கும் சந்தையின் பெயரே இரண்டாம் உலகப்போர் விட்டுப்போன மிச்சம்தான்.

அதே போர் டில்லிக்கு இன்னொரு மிச்சத்தையும் விட்டுப்போனது. அது எதிர்த்தரப்பின் மிச்சம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஐ.என்.ஏ. பர்மா எல்லையில் ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்டபோது, எதிர்ப்பக்கத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் ராணுவங்கள் இருந்தன. அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவின் குன்மிங் வரை 1,700 கி.மீ.க்கு மேல் சாலை போட்டார்கள். 1945 தொடக்கத்தில் அது திறந்தது. லாரி, ஜீப், மோட்டார் சைக்கிள் என்று இந்தியாவுக்குள் வண்டிகள் வந்து குவிந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் போர் முடிந்தது. இத்தனை வண்டிகளையும் திரும்பக் கப்பலேற்றி யார் கொண்டுபோவது? உபரிச் சரக்கு என்று ஏலத்துக்கு விட்டார்கள்.

அப்படி வந்தவற்றில் ஒன்று ஹார்லி-டேவிட்சன் டபிள்யூ.எல்.ஏ. மாடல் மோட்டார் சைக்கிள். போர்க்காலத்தில் ராணுவங்களுக்காக அந்த நிறுவனம் செய்த இந்த வகை வண்டிகள் சுமார் 90,000 என்பார்கள். வி வடிவில் இரண்டு சிலிண்டர், சுமார் 740 சி.சி., மூன்று கியர். கிளட்ச் காலில், கியர் கையில் (நம் பழக்கத்துக்கு நேர் எதிர்). எடை கால் டன். வேகம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை. மட்டமான பெட்ரோலிலும் ஓடும். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் எளிமையான அமைப்பு என்பதால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் தெருவோரத்தில் பிரித்து மாட்டிவிடலாம். போர்க்களத்துக்காக யோசித்துச் செய்த இந்தக் குணங்கள் எல்லாமே அப்படியே சவாரி வண்டிக்கும் பொருந்தின.

அடுத்து 1947. பிரிவினை. மேற்குப் பஞ்சாபிலிருந்து சுமார் 5 லட்சம் அகதிகள் டில்லிக்கு வந்து சேர்ந்தார்கள். நிலத்தையும் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள். கையில் இருந்தது தொழில் மட்டும். ஊரோ ஒரே வருடத்தில் வீங்கிவிட்டது. பஸ் போதாது. டோங்கா என்ற குதிரை வண்டி மெதுவாகப் போகும். ஒரு பக்கம் சவாரிக்கு ஆள் காத்திருக்கிறது, இன்னொரு பக்கம் மலிவு விலையில் ராணுவ மோட்டார் சைக்கிள் கிடைக்கிறது, நடுவில் வேலை தேடும் மெக்கானிக்கும் டிரைவரும் இருக்கிறார்கள். பிறகென்ன?

ஹார்லியின் முன் பாதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். முன் சக்கரம், ஹேண்டில்பார், பெட்ரோல் டேங்க், எஞ்சின், டிரைவர் சீட். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சக்கரம் வைத்த ஒரு அச்சு. அதன் மேல் இரும்புச் சட்டம், மரப்பலகை, தகரம் கொண்டு ஒரு கூடு. வெயிலுக்கு மேலே கூரை. முதலில் நாலு பேர் உட்கார இடம், அப்புறம் ஆறு பேர், கூட்ட நேரத்தில் அதற்கும் மேல். முன்னால் இருந்து பார்த்தால் அமெரிக்க ராணுவம், பின்னால் இருந்து பார்த்தால் ஜட்கா வண்டி! ஓடும்போது வரும் சத்தத்தை வைத்து ‘ஃபட்ஃபட்டி’ என்று பெயர். நம்மூரில் புல்லட்டை ‘டுபுடுபு வண்டி’ என்பது மாதிரி.

கன்னாட் பிளேசிலிருந்து செங்கோட்டை, சாந்தினி சவுக் பக்கம் ஓடியவைதான் பிரபலம். ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சர்தார்ஜிகள். மீட்டர் கிடையாது, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். இன்று சென்னையில் ஷேர் ஆட்டோ என்கிறோமே, அதேதான். 1950-களிலும் 60-களிலும் சர்க்கார் வேலைக்கு டில்லி வந்து கரோல்பாக் பர்சாத்தியில் வாடகைக்கு இருந்த நம்மவர்களில் பலர், தங்கள் வாழ்நாளில் முதல் முறை ஹார்லி ஏறியது இந்த வண்டியில்தான். அது ஹார்லி என்று தெரியாமலேயே! 2010-ல் இந்தியாவில் முதல் ஷோரூம்கள் திறந்தபோது ‘ஹார்லி இந்தியாவுக்கு வந்துவிட்டது’ என்று பத்திரிகைகள் எழுதின. டில்லிக்காரர்கள் சில்லறை கொடுத்து அரை நூற்றாண்டு அதில் போய்வந்திருந்தார்கள்.

இது டில்லிக்கு மட்டும் உரிய கூத்து இல்லை. பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்பை நீட்டி, எதிரெதிர் பெஞ்ச் போட்டு, கலர் கலராகப் பெயிண்ட் அடித்து ஜீப்னி ஆக்கினார்கள். சௌராஷ்டிரத்தில் புல்லட்டின் முன் பாதியில் சரக்குப் பெட்டியைக் கோத்து சக்கடா ஆக்கினார்கள். அதே போருக்குப் பின் அமெரிக்காவில் வீடு திரும்பிய சிப்பாய்கள் பழைய ஃபோர்டு கார்களையும் பிக்கப் வண்டிகளையும் வாங்கி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, பெரிய எஞ்சின் மாட்டி ஓட்டினார்கள். அங்கே அது இன்று பெரிய பொழுதுபோக்கு. ஒரு பழைய ஷெவர்லே பிக்கப்பைப் பிரித்துச் சேர்க்க வருடக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் உண்டு. கை வேலை ஒன்றுதான். அங்கே ஆசைக்கு, இங்கே வயிற்றுக்கு.

நம்ம ஊருக்கும் இதில் நீண்ட பரம்பரை உண்டு. அதே போர்க்காலத்தில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு தயாரிக்கும் சாதனத்தைச் செய்து விற்றது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உருளையைப் பொருத்தி, கரி போட்டு, காற்றடித்து மூட்டினால்தான் வண்டி கிளம்பும். ‘கரி பஸ்’ என்று தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வடசென்னையின் மீன்பாடி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மிதித்து ஓட்டிய மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்தினால் அது ஃபட்ஃபட்டியின் தம்பி. ஆர்.சி. புக் கிடையாது, ஆனால் கம்பியும் மீனும் அதில்தான் போயின.

இதையே பெரிய தொழிலாக்கியவை நாமக்கல்லும் கரூரும். லாரி பாடிக்கு நாமக்கல், பஸ் பாடிக்கு கரூர், போர்வெல் வண்டிக்கு திருச்செங்கோடு. எண்ணூர் அசோக் லேலண்டிலிருந்து வெறும் சேஸிஸ் கிளம்பும். கேபின் கிடையாது, கதவு கிடையாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு டிரைவர் திறந்த வெளியில் உட்கார்ந்து 350 கி.மீ.க்கு மேல் ஓட்டிக்கொண்டு வருவார். தச்சர், கொல்லர், வெல்டர், டிங்கர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் என்று ஒவ்வொருவர் கையாக மாறி, சில வாரங்களில் அது முழு லாரியாக வெளியே வரும். டில்லி நெடுஞ்சாலையில் டி.என். நம்பர் லாரியைப் பார்த்ததும் மனசு குளிர்கிறதே, அதன் உடம்பு பெரும்பாலும் இந்தப் பட்டறைகளில் பிறந்ததுதான்.

சரி, ஃபட்ஃபட்டி என்ன ஆனது?

வருடம் ஆக ஆக ஹார்லிக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை. 1973-க்குப் பின் பெட்ரோல் விலை எகிறியது. ஹார்லி எஞ்சினைக் கழற்றிவிட்டு, வயலில் தண்ணீர் இறைப்பது போன்ற டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். கடைசியில் பல வண்டிகளில் முன் சக்கரமும் ஹேண்டிலும்தான் பழசு. சத்தம் அதிகமானது, புகை அதைவிட அதிகமானது.

இன்னொரு பக்கம் டில்லியின் காற்று கெட்டுக்கொண்டே போனது. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று பிரபலமான அந்த உத்தரவைப் போட்டது. 15 வருடத்துக்கு மேற்பட்ட வர்த்தக வாகனங்கள் அக்டோபர் 2-க்குள் ஒழிய வேண்டும். பழைய ஆட்டோவும் டாக்சியும் மாற்றப்பட வேண்டும். பஸ்கள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும். அந்த அலையில் ஃபட்ஃபட்டியும் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் சிறு வேன்கள் ‘ஃபட்ஃபட் சேவா’ என்ற பெயரில் ஓடின. சத்தம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கியது.

இந்த உத்தரவைக் குறை சொல்ல நான் வரவில்லை. நவம்பர் மாதத்தில் டில்லியில் குழந்தையை நெபுலைசரோடு உட்கார வைத்தவர்களுக்குத் தெரியும், காற்று என்பது வாதம் செய்கிற விஷயம் இல்லை. பிரேக், விளக்கு, எடை எதுவும் சோதிக்கப்படாத வண்டியில் பத்து பேரை ஏற்றுவதும் சரியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அழுத்திச் சொன்னது. அதே வருடச் சட்டத் திருத்தத்தில் மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. அதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு ‘விண்டேஜ்’ வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். இரு சக்கரமோ நான்கு சக்கரமோ ஆக இருக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். அப்படியானால், யாரோ ஒரு சீமான் கொட்டகையில் துணி போட்டு மூடிவைத்த ஹார்லி பாரம்பரியச் சின்னம். பஞ்சாபிலிருந்து வெறுங்கையோடு வந்த ஒருவர் அதே ஹார்லியை அறுத்து, ஒட்டி, ஊரைச் சுமந்து, நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்தாரே, அது பாரம்பரியம் இல்லை. மூன்று சக்கரம், மாற்றப்பட்ட உடம்பு. இரண்டு விதத்திலும் தேறாது.

ஓடவிட வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் நம் நாட்டு வாகன வரலாறு என்பது தொழிற்சாலையில் முடிந்துபோன வரலாறு இல்லை. வண்டி அங்கிருந்து வெளியே வந்தபின் பட்டறையில்தான் பாதி வரலாறு நடந்தது. மாற்றம் செய்யாததை மட்டும் காப்பாற்றி வைத்தால், நம் பேரப்பிள்ளைகள் மியூசியத்தில் மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸைப் பார்ப்பார்கள். மிஸ்திரி யார், டிங்கர் யார் என்று அவர்களுக்குத் தெரியவே போவதில்லை.

நாமக்கல்லுக்கும் இந்தக் கேள்வி வந்துகொண்டிருக்கிறது. பஸ் பாடிக்கும் லாரி பாடிக்கும் தனித்தனித் தரக்கட்டளைகள் வந்தாயிற்று. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். வெயிலில் வெந்த டிரைவருக்கு நல்ல செய்தி. ஆனால் கேபினையும் பாடியையும் கம்பெனியே முழுதாகச் செய்து கொடுக்கக் கொடுக்க, சிறு பட்டறைக்கு வேலை குறையும். தரத்துக்கு ஈடுகொடுக்கும் பெரிய பட்டறைகள் பிழைக்கும். மற்றவர்களின் கைவேலை ஃபட்ஃபட்டி போன வழியில் போகும்.

வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியப்பாவோ மாமாவோ அந்தக் கால டில்லியில் இருந்தவர் என்றால், எந்த இடத்தில் ஃபட்ஃபட்டி ஏறினார், எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். நாமக்கல், கரூர் பக்கம் சொந்தம் இருந்தால் தாத்தாவின் பட்டறையில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். பழைய ஆல்பத்தில் பின்னணியில் ஒரு வண்டி நின்றால் அந்தப் படத்தை ஸ்கேன் செய்து வையுங்கள். சட்டம் பாதுகாக்காததை வீடுதான் பாதுகாக்க வேண்டும்.

கொசுறு: செங்கோட்டை வழக்கில் நின்ற பிரேம் குமார் சைகல், 1947-ல் கேப்டன் லட்சுமியைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த முறை ஐ.என்.ஏ.வில் முருங்கைக்காய் பேரம் பேசும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.