ஸ்லைடு கிட்டாரின் தோற்றமும் பரவலும்: முதன்மை உரிமைக் கோரல்கள் குறித்த ஒரு மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

கிட்டாரின் தந்தியை மெட்டின்மேல் அழுத்தாமல், உலோகத் துண்டையோ கண்ணாடிக் குழலையோ தந்தியின்மேல் வழுக்கிச் செலுத்தி வாசிக்கும் முறை ஸ்லைடு கிட்டார் எனப்படுகிறது. இம்முறையை முதலில் கண்டறிந்தவர் யார் என்னும் வினாவிற்கு ஹவாய், ஆப்பிரிக்க அமெரிக்க, இந்திய மரபுகளைச் சார்ந்து வெவ்வேறு விடைகள் கூறப்படுகின்றன. ஒரு நுட்பத்தைத் தற்செயலாகக் கண்டறிதலும் அதனைக் கற்பிக்கத்தக்க முறையாக வளர்த்தலும் வேறு வேறானவை என்பதையும், அவ்வேறுபாட்டை ஏற்றால் இக்கோரல்களுக்கிடையே உள்ள முரண் பெரும்பகுதி நீங்கும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்லைடு கிட்டார், ஹவாய் இசை, ஜோசப் கெகுகு, புளூஸ், கோட்டு வாத்தியம், மோகன வீணை.

முன்னுரை

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர் முதன்மை உரிமைக் கோரல் ஆகும். இரு நாடுகளில் ஒத்த கருவி காணப்பட்டால், ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என முடிவுகட்டும் போக்கு எளிதில் தலையெடுக்கிறது. கோட்டு வாத்தியத்தை அறிந்த தமிழ் ஆய்வாளருக்கு ஸ்லைடு கிட்டாரைக் கேட்டவுடன் அத்தகைய எண்ணம் எழுவது இயல்பே. அவ்வெண்ணம் சான்றுகளால் தாங்கப்படுகிறதா என்று பார்ப்பது இங்கு முதற்கடமையாகிறது.

மெட்டுகளும் குரலும்

கிட்டாரின் கழுத்தில் பதிக்கப்பட்ட மெட்டுகள் சுரங்களை நிலையான இடைவெளிகளில் வரையறுக்கின்றன. இதனால் பிழையற்ற சுரம் எளிதில் கிடைக்கிறது. ஆனால் ஒரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் இடைப்பட்ட வெளி இழக்கப்படுகிறது. மனிதக் குரலோ அவ்வெளியில்தான் பெரிதும் உலவுகிறது.

வழுக்கும் துண்டு இந்த இழப்பை ஈடுசெய்கிறது. அது தந்தியை மெட்டுவரை அழுத்துவதில்லை. தந்தியைத் தொட்டு நிற்கும் இடமே சுரத்தை வரையறுக்கிறது. எனவே மெட்டு, தந்தியைப் பகுக்கும் உறுப்பாக இல்லாமல், கண்ணுக்கு வழிகாட்டும் அடையாளமாக மட்டுமே எஞ்சுகிறது. நேரான துண்டு பல தந்திகளை ஒரே கோட்டில் தொடுவதால், வெறுந்தந்திகளே இசைவான சுரக்கூட்டாக ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பது பெருவழக்காயிற்று. துண்டிற்குப் பின்னால் உள்ள தந்திப் பகுதியை விரல்களால் தொட்டு அடக்காவிட்டால் வேண்டாத ஓசைகள் எழும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விசை, மயிரிழை பிசகினும் சுருதி தவறும் கடுமையான பயிற்சியை வேண்டுவது.

ஹவாயில் கெகுகு

1830களில் கால்நடை மேய்ப்பில் தேர்ந்த மெக்சிகோ குதிரைவீரர்கள் ஹவாய்க்கு வரவழைக்கப்பட்டனர். அங்குக் கிட்டார் பரவியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஹவாய் மக்கள் தந்திகளைத் தளர்த்தித் தமக்குரிய சுருதி முறைகளை அமைத்துக்கொண்டனர். இந்தப் பின்புலத்தில்தான் ஓவாஹூ தீவின் லாயியே ஊரில் 1874இல் பிறந்த ஜோசப் கெகுகுவின் பணியை வைத்து நோக்க வேண்டும்.

வழியில் கண்டெடுத்த இரும்பு மரையாணி தந்தியில் உரசியபோது எழுந்த ஒலி அவரை ஈர்த்தது என்பது வழிவழிச் செய்தி. இந்நிகழ்வு 1880களின் பிற்பகுதியைச் சார்ந்ததாகக் கூறப்படுகிறது. ஆயினும் மரையாணியைவிட அதன் பின்னர் நடந்தது முக்கியமானது. கெகுகு கமேஹமேஹா ஆண்கள் பள்ளியின் பட்டறையில் இதற்கெனவே எஃகுத் துண்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டார். துண்டு மெட்டுகளில் இடியாதவாறு தந்திகளை உயர்த்தினார். கிட்டாரை மடியில் கிடத்தி வாசிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1904இல் ஹவாயை விட்டுப் புறப்பட்ட அவர், அமெரிக்காவிலும் பின்னர் ஐரோப்பாவிலும் வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்து, 1932இல் நியூ ஜெர்சியில் மறைந்தார்.

அவர் புறப்பட்ட காலச்சூழலும் கருதத்தக்கது. 1893இல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் ஆங்கிலமே பள்ளிகளின் பயிற்றுமொழி எனச் சட்டமாயிற்று. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. நாடும் பள்ளியில் தாய்மொழியும் பறிபோன தலைமுறையின் இசை, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அமெரிக்காவெங்கும் விரும்பிக் கேட்கப்பட்டது. 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சி அவ்விருப்பத்தைப் பெருக்கிற்று. 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கரின் மின்கிட்டார், வணிக வெற்றி கண்ட முதல் மின்கிட்டாராகக் கருதப்படுகிறது. அதுவும் ஹவாய் முறையில் மடியில் கிடத்தி வாசிப்பதற்காகச் செய்யப்பட்டதே. பின்னர் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் இக்கருவி வளர்ந்து 'பெடல் ஸ்டீல்' ஆனபோது, 'ஹவாய்' என்னும் அடைமொழி உதிர்ந்தது. கருவி வாழ்ந்தது, அதனைத் தந்த மக்களின் பெயர் மறைந்தது. கெகுகுவின் உரிமையைப் பேணுவது வெறும் முதன்மைப் போட்டியாகாது என்பதற்கு இதுவே காரணம்.

டேவியன் குறித்த செய்தி

கெகுகுவுக்கு முன்பே கேப்ரியல் டேவியன் என்பவர் ஹொனலூலுவில் இம்முறையில் வாசித்தார் என்றும், அவர் இந்தியாவில் பிறந்து, கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு அங்குச் சேர்ந்தவர் என்றும் மற்றொரு செய்தி வழங்குகிறது. இந்திய வாசகருக்கு இது கவர்ச்சியூட்டும் செய்தி. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், மூங்கில் துண்டைத் தந்தியில் செலுத்தி வாசிக்கும் ஒற்றைத் தந்தி வீணையை விவரிக்கிறது. எனவே டேவியன் அம்மரபை ஹவாய்க்குக் கொண்டுசென்றிருக்கலாம் எனக் கருதத் தோன்றும்.

ஆனால் இவ்விரு செய்திகளையும் இணைக்கும் கண்ணி இல்லை. ஒருவர் இந்தியாவில் பிறந்தார் என்பதனால் மட்டும் அவர் வீணை மரபில் பயின்றவராகிவிடமாட்டார். இச்செய்தியை உண்மையென்றே கொண்டாலும், அது ஒரு தனிமனிதரின் வாசிப்பைச் சுட்டுமேயன்றி, கெகுகு உருவாக்கிப் பரப்பிய முறையின் மூலத்தைச் சுட்டாது. சாத்தியம் சான்றாகாது என்னும் ஆய்வுநெறியை இங்குத் தளர்த்துவதற்கு இல்லை.

மிசிசிப்பியில் கேட்ட ஒலி

டபிள்யூ. சி. ஹேண்டி 1941இல் வெளியிட்ட தன்வரலாற்றில், 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் கறுப்பின இசைஞர் ஒருவர் கத்தியைத் தந்தியில் வைத்து வாசித்ததைக் கேட்டதாக நினைவுகூர்கிறார்; அதனை ஹவாய் வாசிப்போடு ஒப்பிடுகிறார். இவ்வொப்பீட்டைக் கொண்டு டட்வைலர் இசைஞர் ஹவாயரிடமிருந்து கற்றார் எனக் கூறுதல் பொருந்தாது. எழுதியவர் வாழ்ந்த காலத்தில் ஹவாய் கிட்டாரே எல்லோரும் அறிந்த அளவுகோலாக இருந்தது என்பதையே அது முதன்மையாகக் காட்டுகிறது. வீட்டுச் சுவரில் ஒற்றைக் கம்பியை அறைந்து, போத்தலை நகர்த்தி வாசிக்கும் வழக்கம் தென்மாநிலக் கறுப்பின மக்களிடையே இருந்தது. அதன் வேர்கள் ஆப்பிரிக்காவில் தேடப்படுகின்றன. அதே சமயம், 1915க்குப் பின் ஹவாய் இசைத்தட்டுகள் அம்மக்களையும் எட்டின. ஆகவே புளூஸ் ஸ்லைடு இரு ஊற்றுகளும் கலந்த ஆறு எனக் கொள்வதே பொருத்தம்.

அதன் சிகரங்களுள் ஒன்று, பார்வையற்ற பாடகர் வில்லி ஜான்சன் 1927இல் டல்லாஸில் செய்த பதிவு. அதில் சொற்கள் இல்லை; முனகலாக எழும் குரலும் கிட்டாரும் ஒன்றையொன்று தொடர்கின்றன. எது குரல், எது தந்தி என்று பிரித்தறிய முடியாத கணங்கள் அதில் உண்டு. 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் பொற்தட்டில் அப்பதிவு இடம்பெற்றது.

இந்தியாவில் ஹவாய் கிட்டார்

தென்னகத்தில் திருவிடைமருதூர் சகாராம ராவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டு வாத்தியத்தைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். மெட்டுகளற்ற அக்கருவியின் தந்திகளில் கருங்காலிக் கட்டை நழுவும்போது ஜாரு முதலிய கமகங்கள் வாய்ப்பாட்டை ஒட்டி ஒலிக்கின்றன. பின்னாளில் வாய்ப்பாட்டில் பெரும்புகழ் பெற்ற செம்மங்குடி சீனிவாச ஐயர், சகாராம ராவிடம் பயின்றவர் என்பது இக்கருவிக்கும் குரலுக்கும் உள்ள நெருக்கத்தை உணர்த்தும். வடக்கிலும் விசித்திர வீணை இதே முறையில் வாசிக்கப்பட்டது.

இத்தகைய மரபுகள் இருந்தும், கிட்டார் இந்துஸ்தானி இசைக்குள் நுழைந்தது அவற்றின் வழியாக அன்று. ஹவாய் இசையின் வழியாகவே. 1940களில் கல்கத்தாவில் வாழ்ந்த தாவ் மோ என்னும் இசைஞரும் அவர்தம் குடும்பத்தாரும் ஹவாய் இசையை அங்குப் பரப்பியோருள் குறிப்பிடத்தக்கவர்கள். வங்கத்தில் பாடல் மெட்டுகளை வாசிக்கும் கருவியாக ஹவாய் கிட்டார் வீடுகளில் புகுந்தது. சரோத் மேதை அலி அக்பர் கானிடம் பயின்ற பிரிஜ் பூஷண் காப்ரா அதனை ராக இசைக்கு உரியதாக்கினார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் வாசித்து 1967இல் வெளிவந்த இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றது. விஸ்வ மோகன் பட் சுருதித் தந்திகளையும் ஒத்ததிர்வுத் தந்திகளையும் சேர்த்துக் கருவியை மாற்றியமைத்து மோகன வீணை எனப் பெயரிட்டார். ரை கூடருடன் அவர் வாசித்து 1993இல் வெளியான இசைத்தொகுப்பு மறு ஆண்டு கிராமி விருது பெற்றது.

இந்தியா ஹவாயிடமிருந்து கருவியைப் பெற்றது. ஆனால் அதனைக் கேட்கும் செவி இங்கு முன்பே இருந்தது. அவ்வரவேற்பு விரைந்து கிடைத்ததற்கு இதனைக் காரணமாகக் கொள்ளலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, தந்தியில் ஒரு பொருளை வழுக்கிச் செலுத்துதல் பல நிலங்களில் தனித்தனியே தோன்றக்கூடிய செயல். அதற்கு ஒற்றைத் தந்தையைத் தேடுவது வீண்முயற்சி. மற்றொன்று, கிட்டாரில் அதனை முறையாக வளர்த்துப் பிறருக்குக் கற்பித்து உலகிற்கு அளித்த பெருமை கெகுகுவுக்கும் ஹவாய் இசைஞருக்கும் உரியது. இம்முடிவால் கோட்டு வாத்தியத்தின் சிறப்பு குறைவதில்லை. அது பிறிதொரு கருவியின் மூலமாக இருந்தால்தான் பெருமை பெறும் என்பதும் இல்லை. குரலைத் தந்தியில் எட்டிப்பிடிக்க முயன்ற மக்கள் பலர். அவர்களுள் ஒரு சாராரின் பெயரை மறைத்து மற்றொரு சாராருக்குப் புகழ் சேர்ப்பது வரலாறு ஆகாது.