பொந்திலிருந்து பெட்டிக்கு

புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாற்றுக் குடாவில் ஒதுங்கிக் கிடந்தது. 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் அதன் கப்பித்தானையும் அவர் மகன் ராபர்ட் நொக்ஸையும் வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ இருபது வருடம் சிறைப்பட்டிருந்துவிட்டுத் தப்பிய நொக்ஸ், 1681இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அரசனின் கொடுமைகளைப் பற்றி அதில் நிறைய உண்டு. ஆனால் அதில் தேனீக்களுக்கும் இடம் இருக்கிறது. மரப்பொந்தில் கூடு வைப்பது, உயர்ந்த கொப்புகளில் வெளியே தொங்குவது, மிகச் சிறியது என்று மூன்று வகையைப் பிரித்துச் சொல்கிறார். வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியைப் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து வைப்பார்கள் என்ற செய்தியும் உண்டு.

கொட்டியாற்றிலிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்கி வெருகலாற்றைக் கடந்தால் கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, பிறகு மாங்கேணி. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் களப்பும் அதற்கு அப்பால் காடும். 1907, 1908ஆம் ஆண்டுகளில் இலங்கை வேடரை ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர், 1911இல் வந்த தங்கள் நூலில் இந்தக் கரையோர வேடருக்கும் இடம் கொடுத்தார்கள். அதற்குள் கரையோர வேடர் தமிழ் பேசினார்கள், வலை வீசினார்கள், சேனை செய்தார்கள். உள்நாட்டு வேடர் நூலேணி கட்டி மலை முகட்டில் தேன் எடுத்தார்கள். கரையில் மலை ஏது? இங்கே தேன் என்றால் பாலை, வீரை மரங்களின் பொந்துதான். ஒரு கோடரியும் புகைக்குக் கொஞ்சம் காய்ந்த சருகும் போதும். கிழக்கின் வேடர்கள் தேனையும் மெழுகையும் முஸ்லிம் வியாபாரிகளிடம் கொடுத்துத் துணியும் இரும்பும் வாங்கினார்கள். ஆக, தேன் இந்தப் பக்கத்துக்குப் புதிதே இல்லை. தேனீயை வயலுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனைதான் புதிது.

அந்த யோசனை ஏன் இங்கே முளைக்கவில்லை என்பதற்குப் பூசணிக் கொடியே பதில் சொல்லும். ஐப்பசி மழைக்கு விதைத்த சேனையில் மார்கழி வாக்கில் கொடி பூக்கும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பொழுது விடியும்போது விரிந்தால் மத்தியானத்துக்கு முன்னரே சுருங்கிவிடும். மறுநாள் திரும்பத் திறக்காது. அந்தச் சில மணித்தியாலத்துக்குள் கனத்த, ஒட்டும் மகரந்தத்தை ஒரு பூச்சி சுமந்து போய் மற்றப் பூவில் பூச வேண்டும். இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். சேனையின் நான்கு ஓரமும் காடாக இருந்த காலத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. தேனீ அழைக்காமலே வந்தது.

காடு பின்வாங்கிய நாடுகளில்தான் பெட்டியின் கதை தொடங்குகிறது. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ரோத் என்ற பாதிரியார், சட்டங்களுக்கு நடுவே தேனீ அடைத்துவிடாத ஒரு சிறு இடைவெளி இருப்பதைக் கவனித்தார். கூட்டை உடைக்காமல் தேனெடுக்கும் பெட்டி அதிலிருந்து பிறந்தது. அதே நூற்றாண்டின் கடைசியில் மெர்ட்டன் வெயிட் என்ற ஆய்வாளர், பல பேரி மரங்கள் தம் மகரந்தத்தால் காய்ப்பதில்லை என்று காட்டினார். தோட்டக்காரன் தேனுக்காக அல்லாமல் காய்க்காகவே பெட்டி தேடத் தொடங்கினான். இன்று கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களில் ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்பது வழமையான கணக்கு. மாசியில் லொறி லொறியாக வந்து இறங்கும்.

இந்தக் கதையில் இலங்கைக்கும் ஒரு வேடிக்கையான பங்கு உண்டு. பிராங்க் பென்டன் என்ற அமெரிக்கர் 1880, 1881இல் இலங்கை, இந்தியா, ஜாவா என்று மலைத்தேனீயைத் தேடி அலைந்தார். அதன் நீண்ட நாக்கு அமெரிக்க வயல்களின் சிவப்புக் குளோவர்ப் பூவின் அடிவரை எட்டும் என்று அங்கே சிலர் நம்பினார்கள். திறந்த வெளியில் ஒற்றை வதையாகத் தொங்கும் ஈ பெட்டிக்குள் அடங்குமா? முயற்சி கைகூடவில்லை.

தமிழருக்குப் பெட்டியைப் பழக்கிய பெருமை திருச்சிப் பக்கத்துப் பாதிரியார் நியூட்டனுக்கு உரியது. 1911 முதல் சில வருடங்கள் முயன்று, பொந்தில் வாழும் நம் அடுக்குத் தேனீயின் சிறு குடும்பத்துக்கு அளவாக ஏழு சட்டப் பெட்டி ஒன்றை அமைத்தார். அது மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியோடு வீடு வீடாகப் பரவியது. அங்கே இறப்பர் துளிர்க்கும் காலத்தில் பெட்டிகள் தோட்டங்களுக்குப் போகும். பூவில் அல்ல, இலைக்காம்பிலேயே அந்த மரத்துக்குத் தேன் சுரக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் பெருந்தொகைக் கூடுகளை அழித்தும் அந்தத் தொழில் மீண்டெழுந்தது. இலங்கையில் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களம் தேனீ வளர்ப்பு நிலையம் நடத்துகிறது. ஆர்.டபிள்யூ.கே. புஞ்சிஹேவாவின் கைநூல் 1994இல் வந்தது.

ஆனால் மலைநாட்டில் படித்த பாடத்தை அப்படியே கரைக்கு இறக்க முடியாது. நம் ஈக்கு ஒரு குணம்: பூ இல்லையென்றால் நிற்காது. முட்டையிடலை நிறுத்தி, இருக்கும் தேனைக் குடித்துவிட்டு, ஒரு நாள் மொத்தக் குடும்பமாகக் கிளம்பிவிடும். மலைத்தேனீ இன்னும் மோசம்; இலங்கையில் அது பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்வதை ஆராய்ந்த கோனிகர் தம்பதியர் 1980இல் கட்டுரை எழுதினார்கள். மாங்கேணிப் பக்கத்து மணல் நிலத்தில் மழைக்குப் பின் கஜு பூக்கும். அதன் பூங்கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்து கிடக்கும். பிசுபிசுத்த மகரந்தத்தைக் காற்று அதிகம் அசைக்காது, ஈ வர வேண்டும். அந்த வாரங்களில் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடித்து மண் காயும்போது என்ன செய்வது? பெட்டியோடு வந்த கையேட்டை விட, எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்று தெரிந்த பழைய தேன்வேட்டைக்காரனின் அறிவு அப்போது பெறுமதியானது.

அந்த அறிவும் இடையில் அறுபட்டது. 2004 சுனாமியில் கரை அழிந்தது. 2006, 2007இல் வாகரைப் போரில் ஊர் ஊராகச் சனம் வெளியேறியது. காட்டுக்குள் கால் வைக்கவே முடியாத வருடங்களும் இருந்தன.

பெட்டிக்கு இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. கென்யாவில் லூசி கிங் என்ற ஆய்வாளர் தொடங்கிய தேனீ வேலி, இலங்கையில் வஸ்கமுவைக் காட்டை ஒட்டிய கிராமத்துத் தோட்டங்களிலும் பரீட்சிக்கப்பட்டது. தோட்டத்தைச் சுற்றிப் பெட்டிகளைத் தொங்கவிட்டுக் கம்பியால் இணைப்பார்கள். யானை கம்பியில் முட்டினால் பெட்டிகள் ஆடும், ஈக்கள் கலையும். சீண்டப்பட்ட ஆசியத் தேனீயின் இரைச்சலை ஒலிபெருக்கியில் கேட்ட உடவளவை யானைகள் பின்வாங்கியதை கிங்கும் கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்டார்கள். யானைத் தொல்லை குறையாத வாகரைப் பிரதேசத்துக்கு இது பொருந்துமா என்பது ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது: வறட்சியில் ஈ பெட்டியில் இருக்குமா? நிழல், பக்கத்தில் தண்ணீர், எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணீர்ச் சிரட்டை, பூ ஓய்ந்த மாதங்களில் சீனிப்பாகு. இவ்வளவும் கொடுத்தால் சில குடும்பங்கள் நிற்கும். மற்றவை மழையோடு திரும்பிவரக் காட்டில் பொந்துள்ள மரம் மிஞ்சியிருக்க வேண்டும்.