தக்காண வளர்ச்சிக் கழகம்

தக்காண வளர்ச்சிக் கழகம் (டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி) என்பது தெலங்கானா மாநிலம், சங்காரெட்டி மாவட்டத்தின் (2016 வரை மேதக் மாவட்டம்) ஜகீராபாத் வட்டாரச் சிற்றூர்களில் இயங்கும் தொண்டு நிறுவனம் ஆகும். இது 1983 இல் தொடங்கப்பட்டது. நிறுவனர்களுள் ஒருவரான பி. வி. சதீஷ், முன்னர் இதழாளராகவும் தொலைக்காட்சித் தயாரிப்பாளராகவும் பணியாற்றியவர். 2023 மார்ச்சில் காலமானார். ஊர்தோறும் உள்ள மகளிர் சங்கங்களே பணிகளை முன்னின்று நடத்துகின்றன. இவற்றின் உறுப்பினர்களுள் பெரும்பாலோர் தலித் சமூகத்துச் சிறு உழவர்கள் ஆவர்.

பின்னணி

மானாவாரி நிலமான இப்பகுதியில் சோளம், தினை, சாமை, பருப்பு வகைகள் ஆகியன மரபாக விளைந்தன. நியாயவிலைக் கடைகளில் மலிவு அரிசி பரவியபின் இவற்றின் சாகுபடி குறைந்தது. பல நிலங்கள் தரிசாயின. உணவுக்கு வெளியூர் அரிசியை நம்பும் நிலை உருவானது.

சமூகத் தானிய நிதி

1990களின் நடுப்பகுதியில் சங்கங்கள் இதற்கு மாற்று ஒன்றைத் தொடங்கின. தரிசைப் பண்படுத்த உழவர்களுக்குக் கடன் வழங்கப்பட்டது. அவர்கள் அதைப் பணமாக அன்றிச் சோளமாகத் திருப்பிச் செலுத்தினர். அத்தானியம் அந்தந்த ஊரிலேயே சேமிக்கப்பட்டு, உணவுத் தட்டுப்பாடான மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டது. எவர் ஏழை என்பதை அரசு அலுவலர்கள் அன்றி ஊர் மக்களே கூடித் தீர்மானித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

விதை வங்கிகள்

பெண்கள் மரபு விதைகளைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து பாதுகாக்கின்றனர். விதையைக் கடனாகப் பெறுபவர் அறுவடைக்குப்பின் பெற்றதைவிடக் கூடுதலாக விதையாகவே திருப்பித் தருவார். இதனால் பணமில்லாதவரும் பயிரிட இயலும்.

சங்கம் வானொலி

2008 இல் மாச்சனூரில் தொடங்கிய இச்சமூக வானொலியை ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா ஆகிய உள்ளூர்ப் பெண்கள் நடத்தினர். 2019 இல் இக்கழகம் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றது.