செகண்ட் ஹேண்ட் ஜீப் வாங்குறீங்களா? இன்ஜின் ஆயில் மட்டும் மாற்றினால் போதாது... அடியில் இன்னும் 4 ஆயில் இருக்கு!

2010 முதல் 2020 வரை விற்பனையான பழைய தார், அதற்கும் முந்தைய ஜிப்ஸி, ஃபோர் வீல் டிரைவ் பொலேரோ... செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்த வண்டிகளுக்கு மவுசு இன்னும் குறையவில்லை. வாங்கினதும் பலரும் செய்வது, இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு நேராக மலைக்குக் கிளம்புவதுதான். ஆனால் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என இன்னும் 4 இடங்களில் தனித்தனியாக ஆயில் இருக்கிறது. கையில் சர்வீஸ் பில் இல்லை என்றால், அந்த 4-ம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்ஜினில் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும். இந்த நாலுக்கும் இப்படிப்பட்ட வண்டிகளில் லைட் கிடையாது. சத்தம் கேட்கத் தொடங்கும்போது கிரவுனும் பினியனும் தேய்ந்திருக்கும். மலைப்பாதையில் ஓடும்போது உள்ளே பேரிங் நொறுங்கி சக்கரம் பூட்டிக்கொண்டால் அது செலவு விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

ஆஃப்ரோடு வண்டியின் உண்மையான எதிரி கிலோமீட்டர் அல்ல, தண்ணீர். ஓடி ஓடி டிஃபரன்ஷியல் சூடாகி இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அந்த நேரத்தில் வண்டி ஒரு ஓடையில் இறங்கினால் இரும்பு சட்டென்று குளிரும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியில் இருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். இதற்காகத்தான் ஆக்ஸிலின் மேல்பக்கம் 'பிரீதர்' என்ற சின்ன மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். சேறு அடைத்திருந்தால் ஆக்ஸில் சீல் வழியாக இழுக்கும்.

இதில் அதிகம் அடிபடுவது முன் டிஃபரன்ஷியல். சாதாரண ரோட்டில் அதற்கு வேலை குறைவு, அதனால் யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை. ஒருமுறை உள்ளே போன தண்ணீர் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு சோதனை செய்துவிடுங்கள். விற்பவரிடம் கேட்டு, டிஃபரன்ஷியலின் பக்கவாட்டில் இருக்கும் ஃபில் பிளக்கைத் திறந்து சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பாருங்க. ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் பயமில்லை. பால் கலந்த டீ மாதிரி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். விலை பேசும்போது இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. பிளக்கைத் திறக்கவே விடமாட்டேன் என்று சொல்பவரிடம் கொஞ்சம் யோசித்து வாங்குவது நல்லது.

வீட்டிலேயே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். இந்த வண்டிகள் உயரமானவை என்பதால் பெரும்பாலும் ஜாக்கியே தேவைப்படாது, படுத்தபடி அடியில் நுழைந்துவிடலாம். சமதளத்தில் நான்கு சக்கரமும் தரையில் இருந்தால்தான் ஆயில் மட்டமும் சரியாகத் தெரியும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. கியரில் போட்டு நிறுத்தினாலும், டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் நியூட்ரலில் இருந்தால் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் போட்ட பிறகும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்க.

வேலையைத் தொடங்கும் முன் 10, 15 நிமிடம் ஓட்டினால் ஆயில் இளகி நன்றாக வடியும். ரொம்ப தூரம் ஓட்டிவிட்டு உடனே கை வைத்தால் சுட்டுவிடும்.

முதலில் எந்த பிளக்கைக் கழற்ற வேண்டும்?

மேலே இருக்கும் ஃபில் பிளக்கைத்தான். பழைய வண்டியில் அது துருப்பிடித்து இறுகிப் போயிருக்கலாம். கீழே இருக்கும் டிரெயின் பிளக்கை முதலில் கழற்றி ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, அதன்பிறகு ஃபில் பிளக் திறக்கவில்லை என்றால் அவ்வளவுதான். ஆயில் ஊற்றவும் முடியாது, வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகவும் முடியாது. மேல் பிளக் வரவில்லையா? துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விடுங்க. அப்போதும் அசையவில்லை என்றால் ஆயிலை வடிக்காமலேயே ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிச் செல்லுங்கள்.

டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் நன்றாகப் பாருங்க. சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது சாதாரண தேய்மானம். விரலில் குத்தும் செதில், பல் உடைந்த துண்டு கிடைத்தால் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை, பிரித்துப் பார்க்க வேண்டும். கெட்ட நாற்றம் அடிக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கியர் ஆயிலில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் புதிதாக வாங்கியதும் அப்படித்தான் நாறும்.

பால் நிறத்தில் வந்தால், விலை குறைந்த ஆயிலை ஊற்றி கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி அதையும் வடித்த பிறகு நல்ல ஆயிலை ஊற்றுங்கள். பிரீதரையும் சீலையும் சரி செய்யாவிட்டால் அடுத்த ஓடையிலேயே பழைய கதை திரும்பும்.

ஜிஎல்-4, ஜிஎல்-5: எதை வாங்குவது?

கடையில் அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். இரண்டு டப்பாவிலும் 75டபிள்யூ-90 என்று இருக்கலாம். அது ஆயிலின் அடர்த்தியை மட்டுமே சொல்லும்.

டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தத்தோடு வழுக்கிச் சுழலும். அதைத் தாங்கும் சேர்மங்கள் ஜிஎல்-5 ஆயிலில் அதிகம். அதே ஆயிலை கியர் பாக்ஸில் ஊற்றினால், சில வகைகள் உள்ளே இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கலாம். அதோடு, அந்த வளையம் உராய்ந்து பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். ரொம்ப வழுக்கினால் கியர் மாற்றும்போது உரசும். அதனால் பல மேனுவல் கியர் பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 சொல்கிறார்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னும் வில்லங்கம். சில வண்டிகளில் கியர் ஆயில், சில வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான சிவப்பு நிற ஏடிஎஃப். கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் மாடலுக்கான கையேட்டைப் பாருங்க. பின்பக்கம் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் தனி சேர்க்கை தேவைப்படலாம். அதுவும் கையேட்டில் இருக்கும்.

அளவு வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலான மாடல்களில் ஃபில் ஓட்டையின் விளிம்பு வரை வந்து லேசாக வழிந்தால் மட்டம் சரி. குளிர்ந்த கியர் ஆயில் தேன் மாதிரி மெதுவாகத்தான் இறங்கும், ஓட்டையும் பக்கவாட்டில் இருக்கும். ஒரு ஹேண்ட் பம்ப், இல்லாவிட்டால் மேலிருந்து இறக்கிய நீளமான டியூபும் புனலும் இருந்தால் வேலை சுலபம். பிளக்கில் செம்பு வாஷர் இருந்தால் புதிது போடுங்க. அலுமினிய கேஸ் என்றால் முரட்டுத்தனமாக முடுக்க வேண்டாம், மரை போய்விடும்.

அடியில் இருக்கும்போதே புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்டுகளில் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புது கிரீஸ் அடித்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது எங்கே?

ஃபோர் வீல் லீவரைப் போட்டு தார் சாலையில் திருப்பிப் பார்க்காதீர்கள். இந்த வகை பழைய ஜீப்களில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் சுற்ற வேண்டும். பிடிப்பான சாலையில் அந்த வித்தியாசம் முழுக்க கியர்கள் மேல் விழும். மண் தரையில் சோதியுங்கள். திரும்பி வந்ததும் 8 பிளக்குகளிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்க. பிறகு ஆழமான தண்ணீரில் இறக்கும் ஒவ்வொரு முறையும், கையேட்டின் கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருக்காமல் ஃபில் பிளக்கைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.